கிரிக் மலைச்சாலைக்குக் கப்சாயில் துணை டாங்க்: எட்டு லிட்டர் வேண்டாம், மூன்று போதும்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, இப்போது செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்கிறார். அவரிடம் இருப்பது யமாஹா ஒய்15இசட்ஆர், கப்சாய் என்று நாம் சொல்லும் சிறிய மோட்டார்சைக்கிள். அடுத்த நீண்ட விடுமுறையில் மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாரு போக ஆசை. பிறகு ஒருமுறை எல்லை தாண்டித் தாய்லாந்தின் பெத்தோங்குக்கும் போக வேண்டும். "எட்டு லிட்டர் பிடிக்கும் டாங்க் ஒன்றைத் துருப்பிடிக்காத எஃகில் அடித்துப் பின் தட்டில் பொருத்தி, குழாயை வண்டியின் எண்ணெய்க் (பெட்ரோல்) குழாயோடு இணைத்துத் தருவதாக வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். போடலாமா, அண்ணே?"

தம்பி, துணை டாங்க் போடலாம். எட்டு லிட்டர் வேண்டாம். பின் தட்டிலும் வேண்டாம். வண்டியின் எண்ணெய்க் குழாயை யாரும் தொடவே கூடாது. மூன்று லிட்டர், இரண்டு கால்களுக்கும் நடுவில், வண்டியின் சொந்த டாங்கில் ஒரு துளைகூடப் போடாமல். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கப்சாய் பழுது பார்க்கிறேன். நானே தப்பாகப் போட்டு, அனுபவித்துக் கழற்றியவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் வண்டியின் டாங்க் 4.2 லிட்டர் பிடிக்கும். ஆர்எஸ்150 வைத்திருப்பவருக்கு 4.5, எல்சி135 என்றால் 4. தனி ஆளாக நிதானமாகப் போனால் லிட்டருக்கு 38 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஆள், பை, மழைச்சட்டை, மலை ஏற்றம் என்று சேர்ந்தால் நான் 33க்கு மேல் கணக்குப் போடுவதில்லை. டாங்கின் அடியில் 0.7 லிட்டரைத் தொடாத சேமிப்பாக விட்டால் மிச்சம் 3.5 லிட்டர். தனியாகப் போனால் 133 கிலோமீட்டர், இருவராகப் போனால் 115.

கிரிக்கிலிருந்து ஜெலி வரை கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை சுமார் 120 கிலோமீட்டர். 1982இல் திறந்த சாலை. தெமெங்கோர் ஏரியைத் தாண்டியதும் தித்திவங்சா மலைத்தொடரின் முதுகில் ஏறி இறங்கும். இரு பக்கமும் காடு. யானை கடக்கும் இடம் என்ற மஞ்சள் பலகைகள் அங்கே அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. சாணம் சாலையிலேயே கிடக்கும். அந்த இடத்தில் எண்ணெய் தீர்ந்து, மனைவியோடு வண்டியைத் தள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. சிம்பாங் பூலாயிலிருந்து லோஜிங் வழியாகக் குவா மூசாங் இறங்கும் பாதையிலும் இதே கவலைதான். ஆக உங்கள் கேள்வி நியாயமான கேள்வி. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறவர் கேட்டிருந்தால், ஓய்விடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள், இந்தச் செலவே வேண்டாம் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

இதே கணக்கில் மூன்று லிட்டரைச் சேர்த்துப் பாருங்கள். 6.5 லிட்டர் பயன்படும். இருவராகப் போனாலும் 214 கிலோமீட்டர். கிரிக்கில் நிரப்பினால் ஜெலியில் இறங்கிய பிறகும் கையில் மிச்சம் இருக்கும். எட்டு லிட்டர் போட்டால் 380 கிலோமீட்டர் வரும். அவ்வளவு தூரம் நிற்காமல் கப்சாய் இருக்கையில் யாரும் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

மூன்று லிட்டர் என்று குறிப்பாகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சொந்த டாங்கில் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக மட்டும் மிஞ்சும்போது, அதற்குள் மூன்று லிட்டர் வெற்றிடம் இருக்கும். துணை டாங்கை முழுவதும் கவிழ்த்தாலும் சொந்த டாங்க் அதை ஒரே மடக்கில் விழுங்கிவிடும், வழிய வாய்ப்பில்லை. எட்டு லிட்டரை அப்படி மாற்ற முடியாது. பாதியில் நிறுத்த வேண்டும், நிறுத்த மறந்தால் வழியும். மறக்கவே மாட்டேன் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானே மறந்தேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது என்னிடம் இருந்தது கார்புரேட்டர் (எண்ணெயைக் காற்றோடு கலக்கும் பாகம்) வைத்த ஹோண்டா இஎக்ஸ்5. பின் தட்டில் ஐந்து லிட்டர் ஃபைபர் டாங்க் ஒன்றைப் பொருத்தி, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை நடுவில் வெட்டி, மூன்று வழி இணைப்பு வைத்தேன். ஓட்டிப் பார்த்தபோது மிக நன்றாக இருந்தது. தெமெங்கோர் ஏரியில் இருக்கும் பண்டிங்கில் தேநீருக்காக நிறுத்தினேன். துணை டாங்கின் வால்வை மூடவில்லை. கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் இருக்கையின் ஓரமெல்லாம் நனைந்து, எஞ்சின்மேல் சொட்டி, தாரில் வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்திருந்தது. இரண்டு வண்டி தள்ளி ஒருவர் சிகரெட்டை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலில் அவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டார். இன்றைக்கும் அந்த இடத்தைத் தாண்டும்போது வயிறு கலங்குகிறது.

நடந்தது இதுதான். கப்சாயில் சொந்த டாங்க் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. பின் தட்டில் வைத்த டாங்க் அதைவிட உயரம். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால், எஞ்சின் குடிக்காத நேரத்தில் மேலே இருக்கும் எண்ணெய் இணைப்பு வழியாகப் பின்னோக்கிப் போய்க் கீழ் டாங்கில் ஏறும். இரண்டிலும் மட்டம் சமமாகும்வரை ஏறிக்கொண்டே இருக்கும். கீழ் டாங்க் நிறைந்தால் மூடியின் காற்றுத் துளை வழியாக வெளியே வரும். கிணற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் செய்கிற அதே வேலைதான். நான்தான் யோசிக்கவில்லை.

உங்கள் ஒய்15இல் இது இன்னும் ஆபத்து. அது இன்ஜெக்டர் வழியாக எரிபொருளைப் பீய்ச்சும் வகை. பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயில் சுமார் 2.5 முதல் 3 பார் வரை அழுத்தம், அதாவது கார் டயரில் அடிக்கும் காற்றைவிடக் கூடுதல். அந்தக் குழாயை வெட்டி இணைப்பு வைத்து, சாதாரணக் கவ்வி போட்டு இறுக்கினால், ஒரு நாள் கவ்வி நழுவும். அன்றைக்கு எண்ணெய் சொட்டாது, சூடான எஞ்சின்மேல் பீய்ச்சி அடிக்கும். போதாததற்கு அந்த அழுத்தம் மேல் டாங்குக்குள் எண்ணெயைத் திருப்பித் தள்ளவும் செய்யும். பட்டறைக்காரர் நல்ல வெல்டராக இருக்கலாம். ஆனால் அந்தக் குழாயை வெட்டலாம் என்று அவர் சொன்னால், இந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

இனி எடை. பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 740 கிராம். எட்டு லிட்டர் ஆறு கிலோ. எஃகு டாங்கும் பிடிமானமும் குறைந்தது மூன்று கிலோ. ஒன்பது கிலோ, பின் சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில். அதற்கு முன்னால் மனைவி. முன் சக்கரம் இலேசாகும். வளைவில் ஹேண்டில் மிதப்பது போலத் தோன்றும். பாதி டாங்கில் எண்ணெய் அலம்பும்போது வால் ஆடும். பின்னாலிருந்து கார் மோதினால் முதலில் நசுங்குவதும் அந்த டாங்க்தான். கால்களுக்கு நடுவில் வைத்த மூன்று லிட்டர் டாங்கோ எல்லாம் சேர்த்து மூன்று கிலோவைத் தாண்டாது. வண்டியின் எடை மையத்துக்கு அருகில் இருப்பதால் நீங்கள் அதை உணரக்கூட மாட்டீர்கள். சந்தைக்குப் போகிறவர்கள் நடுவில் கூடை மாட்டுவார்களே, அதே பிடிமானம் போதும். அடியில் எஞ்சின் வெப்பம் வரும் என்பதால் ஒரு அலுமினியத் தகட்டை வைத்து, தகட்டுக்கும் டாங்குக்கும் நடுவில் மூன்று சென்டிமீட்டராவது காற்று ஓட விடுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எதுவும் உரசவில்லை என்று பாருங்கள். பிரேக் மிதியும் கியர் மிதியும் தடையில்லாமல் இயங்க வேண்டும்.

டாங்க் எதில் செய்தது? எரிபொருளுக்கென்றே வார்த்த, சுவர் தடித்த பாலிஎத்திலீன் டாங்க் கடையில் கிடைக்கும். என் கை முதலில் அதைத்தான் எடுக்கும். வெல்டிங் இல்லை, தையல் இல்லை, அதிர்வில் விரியாது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு எஃகுப் பற்றவைப்பின் மூலைகளை மெல்ல மெல்லத் தின்னும். ஆறு மாதம் கழித்து மயிரிழை விரிசலில் வியர்த்தது போலக் கசியும். எஃகுதான் வேண்டும் என்றால் மூலைகளை வளைத்து, உள்ளே அலம்பலைத் தடுக்கத் தகடு வைத்து, பிடிமானத்தில் ரப்பர் மெத்தையோடு செய்யச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்துப் பாருங்கள். பிறகு 0.2 பார் அளவுக்கு மட்டும் காற்று கொடுத்து, ஓரமெல்லாம் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி எங்கே எழும்புகிறதோ அங்கே ஓட்டை. ஃபைபர் டாங்கைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே விற்கும் கேசோஹால் என்ற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது சாதாரண ஃபைபர் பிசினை இளக்கிவிடும், இளகிய பிசின் இன்ஜெக்டரில் போய் அடைத்துக்கொள்ளும். எந்தக் காரணத்துக்காகவும் குடிநீர்ப் போத்தலோ சமையல் எண்ணெய்க் கேனோ வேண்டாம்.

ஒரு முறை எண்ணெய் பார்த்த பழைய டாங்கை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்தானது. உள்ளே இருக்கும் ஆவிக்குச் சரியான அளவு காற்றும் ஒரு பொறியும் கிடைத்தால் அது வெடிகுண்டு.

அடுத்தது காற்றுத் துளை. டாங்கிலிருந்து எண்ணெய் வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் எண்ணெய் நின்றுவிடும். என்னிடம் ஒரு வண்டி வந்தது. இரண்டு கிலோமீட்டர் ஓடும், நிற்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஓடும். பிளக், கார்புரேட்டர் எல்லாம் வேறொரு இடத்தில் மாற்றி முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் செலவழித்துவிட்டு வந்திருந்தார். மூடியைத் திறந்தேன், "ஸ்ஸ்ஸ்" என்று காற்றை இழுத்தது. மழைச்சட்டையைக் கட்டிய ரப்பர் கயிறு காற்றுக் குழாயை நசுக்கியிருந்தது. கயிற்றை நகர்த்தியதோடு பழுது தீர்ந்தது.

துளை அடைபட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோல் வெப்பத்தில் விரியும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த எட்டு லிட்டர், வெயிலில் இருபது பாகை சூடானால் 160 மில்லி கூடும், அதாவது ஒரு தேநீர்க் கோப்பை. மூன்று லிட்டரில் 60 மில்லி. அதனால் கழுத்துவரை நிரப்பாதீர்கள், இருபதில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள். வண்டி சாய்ந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் வால்வு வைத்த காற்றுக் குழாயாகப் பார்த்து வாங்கி, அதன் முனையைப் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம், கீழ்நோக்கி விடுங்கள்.

எண்ணெயை எப்படி மாற்றுவது? நடுவில் வைத்த டாங்க் சொந்த டாங்கைவிடத் தாழ்வாக இருக்கும், தானாக ஓடாது. அது நல்லது. மின் பம்ப் வைக்கலாம், ஆனால் ஒயர், ஃபியூஸ், சுவிட்ச் என்று பழுதாகக்கூடிய பொருள்கள் பெருகும். படகு எஞ்சின்களுக்குப் போடும் ரப்பர் கைப்பந்து இருக்கிறதே, அதுதான் என் தேர்வு. லுமுட், கோலா செபத்தாங் போன்ற மீனவர் ஊர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதற்குள் ஒருவழி வால்வு இருக்கிறது. அமுக்க அமுக்க எண்ணெய் ஒரே திசையில் போகும். துணை டாங்கிலிருந்து ஒரு வால்வு, அதன்பின் பந்து, அதன்பின் ஒரு மீட்டர் குழாய், முனையில் திருகு மூடி. குழாய் எரிபொருளுக்கான ரப்பர் குழாயாக இருக்கட்டும். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று அச்சிட்டிருக்கும். மீன் தொட்டிக்குப் போடும், கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் சில மாதங்களில் விறைத்து வெடிக்கும்.

சொந்த டாங்கில் ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் கூடுதலாக மட்டும் மிஞ்சும்போது, பாதுகாப்பான இடம் பார்த்து நில்லுங்கள். எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் ஆற விடுங்கள். அதற்குள் கால் நீட்டிக்கொள்ளலாம். மனைவியை நாலடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். இருக்கையைத் தூக்கி, சொந்த டாங்கின் மூடியைத் திறந்து, குழாய் முனையை வாய்க்குள் நன்றாக இறக்கிப் பிடித்துக்கொண்டு பந்தை அமுக்குங்கள். முதல் சில அமுக்கு வெறும் காற்று; பிறகு பந்து கனத்து, குழாய் குளிர்ந்து, எண்ணெய் விழும் ஒலி கேட்கும். சில நிமிடங்களில் முடியும். வால்வை மூடி, மூடியைத் திருகி, துணியால் துடைத்த பிறகே சாவியைத் தொடுங்கள். எல்லாம் உங்கள் கண் முன்னால் நடக்கிறது, ஓடும் வண்டியில் எதுவும் நடக்கவில்லை. வண்டியின் சொந்த அமைப்பில் யாரும் கை வைக்கவும் இல்லை.

சட்டத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959ஆம் ஆண்டின் மோட்டார் வாகனக் கட்டமைப்பு விதிகளும் வண்டியை இஷ்டம்போல மாற்ற விடுவதில்லை. பொருத்துவதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கிளையில், படத்தோடும் அளவோடும் போய்க் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் மாற்றினால் விபத்தின்போது காப்புறுதிக்காரர் அதையே காரணம் காட்டக்கூடும். அடுத்து, மானிய விலை ரோன்95 பெட்ரோலைத் தனிக் கலத்தில் ஊற்றிக்கொடுக்க நிலையத்தாருக்குத் தடை இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரை அது போகும். கவுண்டரில் இருக்கும் பிள்ளை மறுத்தால் அவரோடு சண்டை போடாதீர்கள், அவர் வேலை போய்விடும். வழக்கமாக நிரப்பும் நிலையத்தில் முன்கூட்டியே முதலாளியிடம் காட்டிப் பேசி வையுங்கள்.

பெத்தோங் போகும்போது இந்த டாங்கை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். நம் பக்கம் எண்ணெய் மலிவு, எல்லைக்கு அப்பால் விலை அதிகம். மாற்றியமைத்த டாங்குகளில் எண்ணெய் கடத்துகிறவர்கள் இருப்பதால், கூடுதல் டாங்கைக் கண்டாலே அதிகாரிகள் ஓரங்கட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பெங்காலான் ஹுலுவைத் தாண்டினால் பெத்தோங் பக்கம்தான்; உங்களுக்கு அங்கே இந்த டாங்க் தேவையும் இல்லை.

ஒன்றை மட்டும் கடைசிவரை விடாமல் சொல்வேன். நம் தோட்ட வீடுகளில் திருட்டுக்குப் பயந்து இரவில் மோட்டாரைக் கூடத்துக்குள் ஏற்றி நிறுத்துவோம். லயத்து வீட்டில் வளர்ந்த எனக்கும் அதே பழக்கம்தான். சாமி விளக்கு ஒரு பக்கம் எரியும், அடுப்பு மறுபக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். புகை போல மேலே போகாது; தரையோடு தரையாக ஊர்ந்து, விளக்கு இருக்கும் மூலைவரை போகும். துணை டாங்கில் எண்ணெய் இருக்கும் நாளில் வண்டி வெளியில்தான் நிற்க வேண்டும். பயணம் முடிந்த அன்றே மிச்ச எண்ணெயைச் சொந்த டாங்கில் மாற்றிவிட்டு, துணை டாங்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, காற்றோட்டமான கொட்டகையில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் காய வையுங்கள்.

பொருத்திய முதல் நாளே கிரிக்குக்குக் கிளம்பாதீர்கள். ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு உங்கள் பக்கத்து லிந்தாங் வரை போய் வாருங்கள். அந்தச் சாலையின் குழிகள் எந்தத் திருகு தளர்கிறது என்று காட்டிக்கொடுக்கும். திரும்பி வந்து எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்குங்கள். பிறகு துணை டாங்கில் வைக்க வேண்டிய அளவு எண்ணெய் வைத்து, வெளியில் நிறுத்தி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாளில் காசளவு ஈரம் இருந்தாலும் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வாருங்கள்.